மூன்றாவது மாடிக்கு உலக உருண்டை

போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் நம் புவியியல் டீச்சர் பேசிய பேச்சுக்குக் கைதட்டியவர்களில் நீங்களும் ஒருவர் என்றால், தயவுசெய்து அந்தக் கையைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். நானும்தான் தட்டினேன். தட்டிய கையை இப்போது எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பேச்சு என்னவோ அருமையான பேச்சு. மைக் மக்கர் செய்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"பதிமூணு வயசுப் பிள்ளைக்குச் செருப்பு வாங்கினா ஆறு மாசத்துல பத்தாம போயிடுது. கால் வளரும்னு நமக்குத் தெரியுது. மனசும் வளரும்னு ஏன் தெரியமாட்டேங்குது? இப்பவே ஒரே பாடத்துல உள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டா, நாளைக்கு அந்தப் பிள்ளை நம்மளைக் கேக்காதா?"

கூடமே தட்டியது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் கணவர், லிஃப்ட் மெக்கானிக், விசிலே அடித்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மட்டும் ஸ்கூட்டரில் முன்னால் இருந்தபடி ஒரு வார்த்தை சொன்னார். "நல்லாத்தான் பேசின. ஆனா செருப்பு பத்தாம போனா வேற வாங்கிக்கலாம். அதுக்காகப் பிள்ளையை வெறுங்காலோடவா நிறுத்துவாங்க?"

டீச்சர் காற்றில் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

ஹெச்.எம். அம்மாவும் மசியவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் ஆளுக்கொரு முதன்மைப் பாடம் எடுத்துக்கொள்ள வேண்டும், மற்றதில் பாதியை விட்டுவிடலாம் என்பது அவருடைய புதுத் திட்டம். விண்ணப்பம் கிடையாது. பெற்றோர் கையெழுத்தும் கிடையாது. குறித்த நாளில் காலை மணி அடித்ததும் பிள்ளைகள் தாங்களாக நடந்துபோய் வேண்டிய அறையில் உட்கார வேண்டும். இடம் நிறைந்தால் கதவு சாத்தப்படும். "அப்பா அம்மா வாய் பேசினது போதும், பிள்ளைங்க கால் பேசட்டும்" என்று முடித்துவிட்டார்.

அதோடு இன்னொன்றும் சொன்னார். பத்துப் பேர் வராத பாடம் அடுத்த வருடம் கிடையாது. அந்த டீச்சர் சின்னப் பிள்ளைகள் கட்டடத்துக்குப் போய் மேற்பார்வை பார்க்கலாம். மேற்பார்வை என்றால் மூக்குத் துடைப்பது, ஷூ கயிறு கட்டுவது, மதியம் தூங்க வைப்பது.

இப்போது புரிகிறதா? டீச்சர் சொன்ன நியாயம் நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தின் அடியில் தன் நாற்காலியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். கூடத்தில் இருந்த யாருக்கும் அது தெரியாது. அவருக்குத் தெரியும்.

அந்தக் குறித்த நாள்தான் இன்று.

* * *

டீச்சரின் மகளும் இந்த வருடம் எட்டாம் வகுப்பு முடித்தவள். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. யாரும் கூப்பிடுவதில்லை. ஏழு வயதில் வீட்டிலிருந்த சோப்புத்தூள், ஷாம்பு, பாத்திரம் துலக்குகிற திரவம், அப்பாவின் ஷேவிங் கிரீம் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலக்கிக் குளியலறையைக் கூரை வரைக்கும் நிரப்பினாள். அன்றிலிருந்து அவள் நுரை. ஆறு வருடமாகியும் அந்தப் புத்தி மாறவில்லை. எதையாவது எதிலாவது கலந்து என்ன ஆகிறது என்று பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, தலை வாரி, ஷூவைத் துடைத்து வாசலில் நின்றாள்.

"சீக்கிரம் வாம்மா. லேப்ல ஸ்டூல் கம்மி. முதல் ஆளா போய் நிக்கணும்."

"ஜாக்ரபியும் நல்ல பாடம்தான்டி" என்றார் டீச்சர், சாவியைத் தேடுகிற சாக்கில்.

"தெரியும்மா. நீ நடத்தினா ஜாக்ரபி எனக்குப் பிடிக்கும்." நுரை யோசித்துவிட்டுச் சொன்னாள். "கெமிஸ்ட்ரி யாரு நடத்தினாலும் பிடிக்கும்."

பொய் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பெற்றால் இப்படித்தான். டீச்சருக்குச் சாவி கையிலேயே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் தேடினார்.

பள்ளியில் வேதியியல் ஆய்வகம் கீழ்த்தளத்தில், பின்பக்கம். புவியியல் அறை மூன்றாவது மாடியில். ஆய்வகத்துக்குப் போகிற வழியில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாமான் அறை. அதன் வாசலில்தான் அந்த உலக உருண்டை இருந்தது. இரும்புத் தாங்கியோடு சேர்த்துத் தூக்கினால் ஒரு சின்னப் பிள்ளையின் கனம் இருக்கும். வண்ணம் பூசிப் புதிதாக்க டீச்சர்தான் கீழே அனுப்பியிருந்தார். இன்றைக்கு அது மேஜைமேல் இருந்தால் நாலு பிள்ளைகள் எட்டியாவது பார்ப்பார்கள் என்று ஒரு நப்பாசை.

ஆய்வக வாசலில் அதற்குள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நுரை அந்தப் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் டீச்சரின் வாய் முந்திக்கொண்டது. திட்டம் போட்டெல்லாம் செய்யவில்லை. திட்டம் போடாமல் வருகிற பொய்க்குத்தான் வேகம் அதிகம்.

"லிஃப்ட் ஓடலையாம்டி. இதைக் கொஞ்சம் மேல கொண்டு வந்து வெச்சுட்டுப் போயேன். எனக்கு முழங்கால் விண்ணு விண்ணுன்னு வலிக்குது."

லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர்கள் கூட வந்தால் பிள்ளைகளும் அதில் ஏறலாம்.

நுரை வரிசையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"சரிம்மா."

உருண்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படி ஏறினாள். டீச்சர் முன்னால் போனார். முதல் மாடித் திருப்பத்தில் பின்னால் காலடிச் சத்தம் நின்றது.

"என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா."

மறுபடி ஏறினாள். இரண்டாவது மாடியில், "கொஞ்சம் மூச்சு வாங்கிக்கோ. அவசரமில்ல" என்றார் டீச்சர். "மெதுவா, மெதுவா. சுவத்துல இடிக்குது பார்" என்றார். பாசம் போலத்தான் கேட்டது. நுரை ஒவ்வொரு தடவையும் நின்றாள், ஏறினாள். நிற்கும்போதெல்லாம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

மூன்றாவது மாடியின் கடைசிப் படியில் கால் வைத்தபோது மணி அடித்தது. கீழே பள்ளிக்கூடம் முழுவதும் ஒரே நேரத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது.

நுரை உருண்டையை மேஜைமேல் வைத்துவிட்டு, வந்த வழியே பறந்தாள்.

* * *

டீச்சர் வாசலைப் பார்த்து நின்றார். கல்யாணத்துக்குப் பந்தி போட்டுவிட்டு ஆள் வருமா என்று நிற்கிறவர் மாதிரி நின்றார் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆனால் அப்படித்தான் நின்றார்.

ஒருவன் வந்தான். "இங்க ஃபேன் நல்லா சுத்தும் மிஸ்" என்று காரணத்தையும் சொல்லி உட்கார்ந்தான். ஒட்டிப் பிறந்த மாதிரியே திரிகிற இரண்டு பெண்கள் வந்தார்கள். கணக்கு அறையில் இடம் கிடைக்காத மூன்று பேர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. தூங்குமூஞ்சி ஒருவன். வழி தவறி வந்துவிட்டுத் திரும்பிப் போகச் சோம்பல்பட்ட ஒருத்தி. கடைசியாகக் கண்ணாடி போட்ட ஒரு பெண். அவள் மட்டும் நேராக உருண்டையிடம் போய் விரலால் ஓர் ஆற்றைத் தொட்டு, "இது ஏன் மிஸ் இவ்ளோ வளைஞ்சு போகுது?" என்று கேட்டாள்.

ஒன்பது.

பிறகு வாசலில் நுரை. முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். காதோரம் ஈரம்.

"லேப் ஃபுல்லாயிடுச்சு" என்றாள், யாரிடமோ சொல்வது போல. முன் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஹெச்.எம். எட்டிப் பார்த்தார். விரலை நீட்டி எண்ணினார். "பத்து! தப்பிச்சீங்க டீச்சர்."

டீச்சருக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நெஞ்சுக்குள் ஜில்லென்று ஒரு சந்தோஷம். 'மூக்குத் துடைக்கப் போக வேண்டாம்' என்பதுதான் அந்த அம்மாவுக்கு முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் பெஞ்சில் விரித்து வைத்திருந்த மகளின் கைகள் கண்ணில் பட்டன. இரும்புத் தாங்கி அழுத்திய இடத்தில் சிவப்பாக இரண்டு கோடு.

அந்த வகுப்பில் டீச்சர் ஆறுகளைப் பற்றி நடத்தினார். நுரை கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். படம் வரையச் சொன்னதும் ஒழுங்காக வரைந்தாள். அவள் கொஞ்சம் அழுதிருந்தால்கூட டீச்சருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இடைவேளையில் கெமிஸ்ட்ரி சார் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார்.

"என்ன டீச்சர், உங்க பொண்ணு ஏன் லேட்டு? ஒரு வருஷமா என் லேப் ஜன்னல்ல மூக்கை ஒட்டிக்கிட்டு நின்ன பிள்ளை. கடைசி ஸ்டூல்ல இன்னிக்கு உக்காந்திருக்கிறவன், கண்ணாடிக் குழாயைப் பார்த்து ஜூஸ் குடிக்கிறதான்னு கேக்கறான்."

டீச்சர் சிரித்து வைத்தார்.

"பிள்ளை மேல தப்பில்லாம ஏதாவது காரணம் இருந்தா சொல்லுங்க. நாளைக்குக் காலையில மணி அடிக்கறதுக்குள்ள ஹெச்.எம். கிட்ட பேசி ஒரு ஸ்டூல் கூடப் போட்டுடலாம். அவகிட்டயும் சொல்லியிருக்கேன்."

இதுதான் இடம். இங்கே உண்மையைச் சொல்லியிருந்தால், இந்த வாரம் நான் வேறு கதை எழுதியிருப்பேன்.

"காரணம்லாம் ஒண்ணுமில்ல சார். குழந்தைங்கதானே. மனசு மாறிட்டா."

"மாறிட்டாளா?" சார் அவரையே பார்த்தார். "அன்னிக்கு நீங்க கூட்டத்துல சொன்னது சரிதான் போல. நான்தான் ஒத்துக்கல."

அவர் இறங்கிப் போனார். தன் பேச்சு இப்படிச் செல்லுபடியாகும் என்று டீச்சர் நினைத்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கால் நிஜமாகவே வலித்தது.

* * *

மெக்கானிக் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே குரல் கொடுத்தார். நாலு மாடி ஏறி வந்த குரல். ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்க்கிறவர் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

"எங்க என் விஞ்ஞானி? கண்ணை மூடு!"

நுரை கண்ணை மூடினாள். அவர் பையிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தது ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. இரும்பை அறுக்கும்போது அவர் போட்டுக்கொள்வாரே, அதேதான். சின்ன அளவு.

"கடை கடையா ஏறி இறங்கினேன். சின்ன சைஸே கிடையாதாம். ஆசிட் கீசிட் தெறிச்சா கண்ணுல படக்கூடாது பாரு. போடு, போடு."

நுரை போட்டுக்கொண்டாள். கண்ணாடிக்குப் பின்னால் கண் நிறைந்தது.

"நல்லாருக்குப்பா. ஆனா நான் ஜாக்ரபி."

"என்னது?"

"லேப் ஃபுல்லாயிடுச்சு. லேட்டாயிட்டேன்."

"லேட்டா? நீயா? விடியறதுக்கு முன்னாடி ஷூ துடைச்சியே!" அவர் மனைவியிடம் திரும்பினார். "ஏன் லேட்டு?"

நுரை வாயைத் திறப்பதற்குள் டீச்சர் முந்தினார். காலையில் முந்திய அதே வாய்.

"குளோபை மாடிக்குத் தூக்கிட்டு வந்தா. லிஃப்ட் ஓடல."

பொய் சொல்லலாம். ஆனால் ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளிக்கூட லிஃப்டை மாதாமாதம் பார்த்துக்கொள்கிறவர் யார் என்பது சொன்ன பிறகுதான் டீச்சருக்கு உறைத்தது.

மெக்கானிக் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"எங்க லிஃப்டா? சனிக்கிழமைதானே முழுசும் பார்த்துட்டு வந்தேன். கதவு ஓடற தடத்தைத் துடைச்சு, எண்ணெய் விட்டு, மேலயும் கீழயும் ஓட்டிப் பார்த்து..." குரல் இறங்கியது. "எதையோ விட்டுட்டேன் போல. அன்னிக்கு மழை வர மாதிரி இருந்துச்சுன்னு அவசரப்பட்டேன்."

"அதெல்லாம் இருக்காதுங்க" என்றார் டீச்சர்.

"இருக்காதுன்னா எப்படி நிக்கும்? என் கவனக்குறைவு." அவர் மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "அப்பாவாலதான் உன் ஸ்டூல் போச்சா கண்ணு? மன்னிச்சுக்கோ."

நுரை கண்ணாடியைக் கழற்றவில்லை. "அப்படி எல்லாம் இல்லப்பா."

"உங்க சார் என்ன சொன்னாரு?"

"நம்ம தப்பில்லாம ஏதாவது காரணம் இருந்தா, நாளைக்குக் காலையில வரைக்கும் சொல்லலாம்னாரு."

"அப்புறம் என்ன!" அவர் எழுந்துவிட்டார். "ஹெச்.எம். அம்மா வீடு ஸ்கூலுக்குள்ளதானே? இப்பவே போறேன். லிஃப்ட் நின்னது என் தப்பு, பிள்ளையைத் தண்டிக்காதீங்கன்னு சொல்லிட்டு, அப்படியே அதையும் என்னன்னு பார்த்துட்டு வரேன். கம்பெனியில ரெண்டு ஏச்சு விழும். விழட்டுமே."

"டீயாவது குடிச்சுட்டுப் போங்க."

"வந்து குடிக்கிறேன்."

கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினார்.

அடுக்களைக் குழாயடியில் டீச்சர் ஏற்கெனவே கழுவிய தட்டை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். வெட்கம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், அப்போது அந்த அம்மாவின் முதுகைக் காட்டியிருப்பேன். முகத்தை அவர் யாருக்கும் காட்டவில்லை.

பின்னால் நுரை வந்து நின்றாள்.

"அப்பாவைப் போக விடாதம்மா."

"போகட்டும்டி. உனக்கு ஸ்டூல் கிடைச்சுடும்." சொன்ன பிறகு தன் காதிலேயே அது விழுந்தது. செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு புருஷன் போகிறார், போகட்டும் என்று சொன்னவர் அவர்தான்.

"லிஃப்ட் ஓடுச்சும்மா."

டீச்சர் குழாயை மூடினார்.

"முதல் மாடியில கதவு திறந்துச்சு. தரை துடைக்கிற அக்கா வாளியோட வெளிய வந்தாங்க. நீ முன்னாடி போயிட்டிருந்த."

"அப்புறம் ஏண்டி..." திரும்பாமலே கேட்டார். "அங்கயே வெச்சுட்டு ஓடியிருக்கலாம்ல? ஏன் தூக்கிட்டு வந்த?"

"உனக்குப் பத்துப் பேர் வேணும்னு எனக்குத் தெரியும். ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும்மா." நுரையின் குரலில் கோபம் இல்லை. "'என் கிளாஸுக்கு வாடி'ன்னு நீ கேப்பேன்னு மூணு மாடியும் உன் முகத்தையே பார்த்துட்டு வந்தேன். கேட்டிருந்தா வந்திருப்பேன். நீ கேக்கவே இல்ல."

டீச்சர் திரும்பினார். மகள் இன்னும் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் நின்றாள். அந்தக் கண்ணைப் பார்க்க முடியாமல் கையைப் பார்த்தார். கோடு மங்கியிருந்தது, போகவில்லை.

கீழே ஸ்கூட்டரை உதைக்கிற சத்தம். ஒரு தடவை. இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது.

டீச்சர் ஈரக்கையோடு பால்கனிக்கு ஓடினார்.

"என்னங்க!"

மெக்கானிக் ஹெல்மெட்டோடு அண்ணாந்து பார்த்தார். "என்ன டீச்சரம்மா? டார்ச்சை விட்டுட்டேனா?"

எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. பக்கத்து பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். உண்மையைச் சொன்னால் பத்து ஒன்பதாகும். ஒன்பதானால் அந்த மூன்றாவது மாடி அறைக்குப் பூட்டு. அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு கீழே நிற்கிற மனுஷன், நாளையிலிருந்து தன்னை எந்தக் கண்ணால் பார்ப்பார்?

"மேல வாங்க" என்றார். மைக் இல்லாமல் ஒரு கூடத்தையே நிறைத்த குரல், நாலு மாடி இறங்கவில்லை.

"என்ன? கேக்கல!"

"மேல வாங்க. லிஃப்ட் நிக்கல."

அவர் ஸ்கூட்டரை அணைத்தார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். எப்போதும் இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிறவர், இன்றைக்கு ஒவ்வொரு படியாக ஏறி வருகிற சத்தம் கேட்டது.

நுரை கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, போய்க் கதவைத் திறந்து வைத்தாள்.